ஜானவியின் நாடி

கரமனை
14 ஜனவரி 2004

உடற்பயிற்சி வகுப்பை நடத்தும் திருமதி ஜெபமலர் அவர்களுக்கு,

நமஸ்காரம். நேற்று மாலை உங்கள் வகுப்பின் நடுவே “நிறுத்துங்கோ” என்று சத்தம் போட்ட கிழவன் நான்தான். பெயர் பிச்சுமணி, ஜானவியின் தாத்தா. அரசு அச்சகத்தில் முப்பத்தொரு வருஷம் பிழை திருத்தி ஓய்வு பெற்றவன். அத்தனை வருஷத்தில் நான் குரலை உயர்த்தியது இரண்டு தடவை இருக்கலாம். நேற்றையது மூன்றாவது. மன்னிப்புக் கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத, கேட்க வேண்டியது மன்னிப்பு மட்டுமல்ல என்று படுகிறது.

ஜானவிக்குப் பதினாலு வயது. பதினொன்றில் ரத்தப் புற்றுநோய் வந்தது. இரண்டரை வருஷம் சிகிச்சை, சென்ற ஜூலையில் முடிந்தது. என் மகன் ஸ்ரீநிவாஸ் மஸ்கட்டில் வேலையில் இருக்கிறான். சிகிச்சை முடியும்வரை இங்கே இருந்த மருமகளும் செப்டம்பரில் அவனிடம் போய்விட்டாள். இப்போது பொறுப்பு என்னுடையது. அச்சில் ஒரு பிழை தப்பிப் போனால் கடைசிப் பக்கத்தில் பிழைதிருத்தம் போட்டுக்கொள்ளலாம். குழந்தை விஷயத்தில் கடைசிப் பக்கம் என்ற ஒன்றை நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

அவளுக்கு ஏற்றிய மருந்துகளில் சிவப்பு நிறத்தில் ஒன்று உண்டு. அது இருதயத்தைப் பாதிக்கலாம், பல வருஷம் கழித்தும் பாதிக்கலாம் என்று படித்திருக்கிறேன். நேற்று அந்தப் பலகைப் படியில் அவளை இருபது தடவை ஏறி இறங்கச் சொன்னீர்கள். பதினாலாவதில் அவள் உதடு வெளுத்தது. உங்களுக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து நாடி பிடித்துப் பார்த்தேன், 108 இருந்தது.

இருபதை எட்டாகக் குறைக்க முடியுமா? உங்கள் படிப்பில் குறுக்கிடுவதாக நினைக்க வேண்டாம். ஒருவேளை குறுக்கிடுகிறேனோ என்னவோ.

நேரில் வந்தால் எனக்கு நா எழாது. அதனால் ஜானவியிடமே கொடுத்தனுப்புகிறேன்.

இப்படிக்கு,
பிச்சுமணி

*

குமாரபுரம்
15 ஜனவரி 2004

மதிப்பிற்குரிய பிச்சுமணி சார்,

உங்கள் கடிதத்தை வகுப்பு முடிந்த பிறகு படித்தேன். என்னைத் திருமதி என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னும் ஆகவில்லை. நாகர்கோவிலில் என் அம்மாவுக்கும் இதே அவசரம்தான்.

சார், டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்த சீட்டோடுதான் ஒவ்வொரு பிள்ளையும் இங்கே சேருகிறது. நீங்கள் சொல்லும் சிவப்பு மருந்து ஜானவியின் சீட்டில் முதல் வரியிலேயே இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் அவளுக்கு இருபது தடவை. போனக்காடு எஸ்டேட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் பூமாரிக்கு நாற்பது. பயிற்சிக்கு முன்னால், நடுவில், முடிந்து ஐந்து நிமிஷம் கழித்து, மூன்று தடவை நாடி பார்த்து எழுதி வைக்கிறேன். செவ்வாய்க்கிழமை ஜானவிக்கு ஐந்து நிமிஷத்தில் 88-க்கு இறங்கிவிட்டது. உதடு வெளுக்கவில்லை. உங்கள் கண்ணில் வெளுத்திருக்கும்.

இரண்டு மூன்று வருஷமாக எல்லோரும் இந்தப் பிள்ளைகளைப் படுக்க வைத்திருந்தார்கள். ஓடாதே, வெயிலில் நிற்காதே, மாடி ஏறாதே. அப்படிக் கிடந்த உடம்புக்குப் படி ஏறினால் மூச்சு வாங்கத்தான் செய்யும். அதைப் பழக்குவதற்குத்தான் வகுப்பு. இதற்குப் பெயரே மேற்பார்வையில் செய்யும் பயிற்சி. மேற்பார்வை பார்க்க ஓர் ஆள் போதும், அது நான்.

நீங்கள் கத்திவிட்டுப் போன பிறகு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. வகுப்பில் இருக்கும் பிரஜின் மலையாளத்தில், “ஜானவீ, நின்றெ அப்பூப்பன் ரெஃபரியோ?” என்று கேட்டான், உன் தாத்தா ரெஃபரியா என்று. பூமாரி, “ஒரு விசில் வாங்கிக் குடு புள்ள, பாவம், கத்திக் கத்தித் தொண்டை வத்திரும்” என்றாள். ஜானவியும் சேர்ந்து சிரித்தாள். அப்புறம் பாத்ரூமுக்குப் போனவள் பத்து நிமிஷம் வெளியே வரவில்லை.

இனிமேல் கேட்டுக்கு வெளியே பெஞ்சில் உட்காருங்கள். உங்களுக்கு மட்டுமல்ல, எல்லா வீட்டுக்காரர்களுக்கும்தான். காவலாளி வேலப்பனிடம் சொல்லியிருக்கிறேன்.

ஜெபமலர்

*

கரமனை
20 ஜனவரி 2004

செல்வி ஜெபமலர் அவர்களுக்கு,

திருத்தியதற்கு நன்றி. கேட்டுக்கு வெளியேதான் உட்கார்ந்திருக்கிறேன். வேலப்பன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருகிறார். அதுவும் உங்கள் உத்தரவோ என்று கேட்கத் துணிவில்லை.

உங்கள் கணக்குப்படி பயிற்சி முடிந்து ஐந்தாவது நிமிஷத்தில் 88. இரண்டு பஸ் மாறி, கை கால் கழுவி, ஜானவி நாற்காலியில் உட்கார்ந்து அரை மணி நேரம் ஆனபின் என் கணக்குப்படி 106. ஓய்வெடுக்க எடுக்க நாடி ஏறுமா? இப்படி ஒரு நாள் என்றால் என் தவறு என்று விட்டுவிடுவேன். ஒரு வாரமாக இப்படியே. நான் ஒரு தடவை எண்ணி எழுதுகிறவன் அல்ல. முழு நிமிஷம், இரண்டு தடவை எண்ணிச் சராசரி எடுத்து நோட்டில் எழுதுகிறேன். கடிகாரத்தைத் தினமும் காலை ரேடியோ நேரத்தோடு சரிபார்க்கிறேன். எண்ணிக்கையைவிட இன்னொன்றுதான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. சில சமயம் நடுவில் ஒரு துடிப்பு விட்டுப்போகிறது. படிக்கட்டில் ஒரு படி இல்லாததுபோல.

ஆறு பிள்ளைகளைப் பார்க்கும் அவசரத்தில் நீங்கள் கால் நிமிஷம் எண்ணி நாலால் பெருக்குகிறீர்களோ என்று ஒரு சந்தேகம். இதைக் கேட்பதற்கே கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன். உங்கள் கடிகாரத்தை ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ள முடியுமா?

பிச்சுமணி

*

குமாரபுரம்
22 ஜனவரி 2004

பிச்சுமணி சார்,

என் கடிகாரம் சரியாக ஓடுகிறது. வேலப்பனுக்கு இயல்பாகவே அந்தப் பக்கம் பார்த்து உட்காரும் பழக்கம்.

ஆமாம், கால் நிமிஷம்தான் எண்ணுகிறேன். உலகம் முழுவதும் அப்படித்தான். அதில் நாலைந்து கூடலாம், குறையலாம். பதினெட்டு கூடாது.

இன்று ஜானவியைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டேன். வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை நாடி பார்க்கிறார்கள் என்று. விரல் விட்டு எண்ணினாள். எழுந்தவுடன், காபிக்குப் பிறகு, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், வகுப்பிலிருந்து வந்ததும், சாப்பிட்ட பிறகு, தூங்கப் போகும்போது. “தூங்கினதுக்கு அப்புறமும் பார்ப்பார் மிஸ். நான் தூங்கற மாதிரி கிடப்பேன்” என்றாள். ஏழு தடவை, சார்! ஆஸ்பத்திரியில் கிடந்த நாளில்கூட நர்ஸ் நாலு தடவைதான் வந்திருப்பாள்.

தயவுசெய்து அந்த நோட்டை மூடி வையுங்கள். ஒரு மாதத்துக்கு மட்டும். இதை உத்தரவாகச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

இன்னொன்று. பிப்ரவரி 22, ஞாயிற்றுக்கிழமை, ஆறு பேரையும் கல்லாறுக்கு அழைத்துப் போகிறேன். ஆற்றோரமாக நடந்து மேலே அருவிவரை. நர்ஸ் ஒருவரும் ஜீப் ஒன்றும் கூட வரும். ஜானவி பெயரை முதலில் எழுதச் சொன்னவள் ஜானவிதான். சம்மதத் தாளை இதோடு வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

கவரை நீங்கள் நன்றாக ஒட்டித்தான் அனுப்புகிறீர்கள். ஆனால் நம் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தே அவள் உள்ளே இருப்பதைப் படித்துவிடுகிறாள்.

ஜெபமலர்

*

கரமனை
28 ஜனவரி 2004

செல்வி ஜெபமலர் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுகிறேன். ஜானவி வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டாள்.

நேற்று என் நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரைப் பார்க்கப் போனேன். உங்களிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். கேட் வாசல்வரை வந்தேன். வேலப்பன் “என்ன சாரே?” என்றார். ஒன்றுமில்லை என்று திரும்பிவிட்டேன்.

டாக்டர் நோட்டைப் புரட்டினார். துடிப்பு விட்டுப்போனதாக நான் சிவப்பு மையில் குறித்திருந்த இடங்களில் அவர் விரல் நின்றது. இருதயத்தை எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம், அதுவரை பயிற்சி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். எக்கோவுக்குக் கிடைத்த தேதி பிப்ரவரி 12.

நான் செய்தது தவறா என்று இரண்டு நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். செய்யாமல் இருந்து, நாளை ஏதாவது ஆகியிருந்தால் ஸ்ரீநிவாஸுக்கு என்ன எழுதுவேன் என்றும் கேட்டுக்கொள்கிறேன். இரண்டாவது கேள்விதான் ஒவ்வொரு தடவையும் ஜெயிக்கிறது.

சம்மதத் தாளைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்புகிறேன். கோபித்துக்கொள்ளுங்கள்.

பிச்சுமணி

*

குமாரபுரம்
31 ஜனவரி 2004

சார்,

கோபித்துக்கொண்டேன். அனுமதிக்கு நன்றி.

டாக்டர் சொன்னால் நான் மீற மாட்டேன். எக்கோ எடுப்பதும் நல்லதுதான். ஆனால் நீங்கள் நோட்டில் எழுதியிருப்பதைப் பார்த்தால் எந்த டாக்டரும் பயப்படுவார். சரியோ தப்போ, உங்கள் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கிறது. என் கிறுக்கலை யார் நம்புவார்கள்?

ஐந்து தடவை ஏறினாலே சுவரைப் பிடித்தவள் இருபது வரை வந்திருந்தாள். இரண்டு வாரம் சும்மா உட்கார்ந்தால் மறுபடி பத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அது போகட்டும். இன்று பூமாரி என்னிடம் வந்து ரகசியமாக, “மிஸ், ஜானவிக்குத் திரும்ப வந்திருச்சா?” என்று கேட்டாள். நோயைத்தான் கேட்டாள். ஒரு பிள்ளை வராமல் போனால் மற்ற ஐந்து பேருக்கும் தோன்றுவது அது ஒன்றுதான், சார். அஞ்சு பேரையும் உட்கார வைத்து இல்லை இல்லை என்று சொல்லி முடிக்க இன்றைய வகுப்பு முழுக்கப் போய்விட்டது.

சம்மதத் தாளைத் திருப்பி அனுப்புகிறேன். உங்களிடமே இருக்கட்டும்.

ஜெபமலர்

*

கரமனை
12 பிப்ரவரி 2004

செல்வி ஜெபமலர் அவர்களுக்கு,

எக்கோ முடிந்தது. இருதயம் நன்றாக இருக்கிறது. குறை ஒன்றும் இல்லை. பயிற்சியைத் தொடரலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். சனிக்கிழமை வருவாள்.

சந்தோஷமாக எழுத வேண்டிய கடிதம் இது. சந்தோஷம்தான். ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை. மெஷினில் ஜானவியின் நாடி 78. வெளியே வந்து வராந்தாவில் நானே எண்ணினேன். 110. இரண்டு தடவையும் 110. டாக்டரிடம் திரும்பிப் போய்ச் சொன்னேன். அவர் ஜானவியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் ஒரு மாதிரி பார்த்தார். “வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க” என்றார். யாரைச் சொன்னார் என்று கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டேன். அந்த மெஷின் சரியானதுதானா?

வீட்டில் நிலைமை சரியில்லை. இரண்டு வாரமாக ஜானவி என்னிடம் தமிழில் பேசுவதில்லை, எல்லாம் மலையாளம்தான். சாப்பிட வா என்றால் “வேண்டா.” எப்போது வருவாய் என்றால் “அறியில்லா.” கையை நீட்டு என்றால் “மதி தாத்தா, மதி.” போதுமாம். தாத்தா என்ற சொல் மட்டும் இன்னும் தமிழில் இருக்கிறது. எத்தனை நாளைக்கோ.

நோட்டை மூடவில்லை. மூட முயற்சி செய்தேன்.

பிச்சுமணி

*

குமாரபுரம்
14 பிப்ரவரி 2004

பிச்சுமணி சார்,

இதைத் தபாலில் அனுப்புவதற்குக் காரணம் உண்டு. தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

இன்று ஜானவி வந்தாள். பன்னிரண்டு தடவை ஏறினாள். முடிந்ததும் பிள்ளைகளுக்கு நாடி பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன். கல்லாறில் ஆறு பேர் கையையும் நான் ஒருத்தியே பிடித்துக்கொண்டு நடக்க முடியாது, அவரவர் அவரவருக்கே பார்த்துக்கொள்ளட்டும் என்று. ஜோடி ஜோடியாக உட்கார வைத்து, முதலில் எதிரில் இருப்பவர் நாடியைப் பார்க்கச் சொன்னேன். சொல்லிக் கொடுக்கும் முன்பே ஜானவி, “எனக்குத் தெரியும் மிஸ்” என்று பூமாரி மணிக்கட்டைப் பிடித்தாள். கட்டைவிரலால்.

“ஏ புள்ள, கட்டைவிரல எடு. அது உன் நாடிதான். எஸ்டேட் ஆஸ்பத்திரி சிஸ்டர் என் கையிலே அடிச்சுச் சொல்லிக் குடுத்தாங்க” என்றாள் பூமாரி.

“எங்க தாத்தா இப்படித்தான் பார்ப்பார்” என்றாள் ஜானவி. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன்.

சார், கட்டைவிரலில் நம்முடைய துடிப்பே பலமாக இருக்கும். அதை வைத்து அடுத்தவர் கையை அழுத்தினால் நம்முடையதைத்தான் எண்ணுவோம். என்னை நம்ப வேண்டாம். ஒரு குடையின் பிடியை உங்கள் கட்டைவிரலால் ஜானவி கையைப் பிடிப்பதுபோல அழுத்திப் பிடித்து, முழு நிமிஷம் எண்ணிப் பாருங்கள்.

பார்த்த பிறகு இன்னொன்றையும் யோசியுங்கள். அந்த நோட்டில் இருக்கும் 106, 108, 110, சிவப்பு மையில் குறித்த விட்டுப்போன துடிப்புகள், இதெல்லாம் யாருடையவை? எழுபது வயதுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது அவ்வளவு ஓடக் கூடாது. உடனே டாக்டரைப் பாருங்கள். இதைக் கோபத்தில் எழுதவில்லை.

ஜெபமலர்

*

கரமனை
17 பிப்ரவரி 2004

செல்வி ஜெபமலர் அவர்களுக்கு,

குடையின் பிடிக்கு நாடி 104.

ஒரு பொருளை வைத்து முடிவு செய்யக் கூடாது என்று காபி டம்ளரைப் பிடித்தேன், 106. மேஜைக் காலைப் பிடித்தேன். அதுவும் 104, நடுவில் ஒன்று விட்டுப்போயிற்று. மேஜைக்குத்தான் டாக்டர் எக்கோ எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

நான் எல்லாவற்றையும் முறைப்படிதான் செய்தேன். முழு நிமிஷம், இரண்டு தடவை, சராசரி, ரேடியோ நேரம். எந்த விரல் என்று மட்டும் யாரையும் கேட்கவில்லை. உங்கள் கடிகாரத்தைச் சந்தேகித்தேன், ஆஸ்பத்திரி மெஷினைச் சந்தேகித்தேன். என்னைச் சந்தேகிப்பதுதான் என் சுபாவம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். தேவையான இடத்தில் அது வேலை செய்யவில்லை.

நேற்று ஜானவி பள்ளியிலிருந்து வந்ததும் அவளிடம் சொன்னேன். சொல்லாமல் நோட்டைப் பரண்மேல் போட்டுவிடலாம் என்ற யோசனையும் வந்தது. மறைக்காமல் எழுதுகிறேன்.

“தெரியும் தாத்தா” என்றாள். பையைக் கீழே வைக்கவில்லை. “அப்போ எக்கோ, க்ளாஸுக்குப் போகாம இருந்தது, எல்லாம் உங்கோ நாடிக்கா?”

“ஆமாம்.”

“நான் நன்னாத்தான் இருக்கேன்னு தினம் சொன்னேனே. தினம்! அதை நோட்ல ஒரு தடவையாவது எழுதினேளா?”

நோட்டை எடுத்துப் பார்த்தேன். அவள் சொன்னதை எழுத அதில் ஒரு பத்தி போட்டிருக்கவில்லை. தேதி, நேரம், முதல் எண், இரண்டாம் எண், சராசரி, குறிப்பு. குறிப்பில் எல்லாம் என் குறிப்புகள்தான்.

மன்னிப்புக் கேட்டேன். அவள் அழுவாள், நானும் அழுவேன் என்று எதிர்பார்த்தேன். அவள் அழவில்லை. “அந்தப் பேப்பர் எங்கே? சைன் போடுங்கோ” என்றாள். போட்டேன். நானும் கல்லாறுக்கு வந்து ஜீப்பிலேயே உட்கார்ந்திருக்கலாமா என்று கேட்டேன். “வேண்டாம்” என்றாள்.

கவனித்தீர்களா? வேண்டா அல்ல, வேண்டாம். கோபம் தீரவில்லை. ஆனால் தமிழில் கோபித்துக்கொள்கிறாள்.

சம்மதத் தாள் இத்துடன்.

பிச்சுமணி

பின்குறிப்பு: டாக்டரிடம் இன்னும் போகவில்லை. என்னைக் காட்டிக்கொள்ளப் போய் எனக்குப் பழக்கமில்லை.

*

குமாரபுரம்
23 பிப்ரவரி 2004

பிச்சுமணி சார்,

நேற்று ஜானவி வீட்டுக்கு வந்து என்ன சொன்னாள் என்று தெரியாது. ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். அதனால் நான் சொல்கிறேன்.

முக்கால் தூரம் நன்றாக நடந்தாள். பாதை கல்லும் வேருமாக இருந்தது. பூமாரி முன்னால் ஆடு மாதிரி தாவிப் போனாள். ஒரு பெரிய வளைவில் ஜானவி நின்றாள். முகம் சிவந்து வாயால் மூச்சு விட்டாள். எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை, சார். கையைத் தூக்கி “நிறுத்து! எல்லாரும் நிறுத்துங்க!” என்று கத்திவிட்டேன். நர்ஸ் ஓடி வந்தாள். பிரஜின் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

ஜானவி ஒரு பாறையில் உட்கார்ந்து இரண்டு விரலைத் தன் மணிக்கட்டில் வைத்தாள். “பேசாதீங்கோ மிஸ், எண்ணிண்டிருக்கேன்” என்றாள். அதட்டலாகவே சொன்னாள். “நூத்தி நாப்பது. கொஞ்ச நேரம் உட்கார்றேன்.” ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி எண்ணினாள். அருவிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இன்னும் இருநூறு அடி இருக்கலாம். நான் தூண்டவும் இல்லை, தடுக்கவும் இல்லை. வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது தெரிந்தது.

“இன்னிக்கு இவ்வளவு போறும்” என்றாள் அவளே. “நீங்கோ எல்லாரும் போய்ட்டு வாங்கோ. நான் இங்கே இருக்கேன்.” பூமாரி மேலேயிருந்து, “ஏ, இவ்ளோ தூரம் வந்துட்டுத் தண்ணியத் தொடாம போவியா?” என்று கத்தினாள். ஜானவி, “நீ பாட்டில்ல பிடிச்சுண்டு வா” என்றாள். பாட்டிலில் வந்த அருவியைப் பூமாரி தலையில் ஊற்றினாள். அதனால்தான் உடை நனைந்திருந்தது. தடுமம் பிடித்தால் என்னைத் திட்டுங்கள்.

நீங்கள் டாக்டரைப் பார்த்தீர்களா? சனிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் வேலப்பனை உங்கள் வீட்டுக்கு அனுப்புவேன்.

ஜெபமலர்

*

கரமனை
28 பிப்ரவரி 2004

செல்வி ஜெபமலர் அவர்களுக்கு,

வேலப்பனை அனுப்ப வேண்டாம். வியாழக்கிழமை போய்வந்தேன். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். என் துடிப்பு ஒழுங்கில்லாமல் ஓடுகிறதாம். எத்தனை நாளாக என்று டாக்டர் கேட்டார். ஜனவரி பதின்மூன்றிலிருந்து தேதிவாரியாக என்னால் சொல்ல முடிந்தது. இப்படி ஒரு குறிப்பு எந்த நோயாளியும் கொண்டுவந்ததில்லை என்றார். பாராட்டா கேலியா தெரியவில்லை. மாத்திரை கொடுத்திருக்கிறார்.

இன்று ஜானவி முதல் தடவையாகத் தனியாக வகுப்புக்குக் கிளம்பினாள். அவளே கேட்டாள், நானும் சரி என்றேன். நீங்கள் அவளைப் பார்த்திருப்பீர்கள். எந்த பஸ்ஸில் ஏறினாள், கிழக்கேகோட்டையில் சரியாக மாறினாளா என்பது எனக்குத் தெரியாது. உங்களிடம் கேட்கவும் மாட்டேன். கேட்டால் நீங்கள் எழுதும் பதில் எப்படி இருக்கும் என்று தெரியும்.

இப்போது மணி ஆறு நாற்பது. வழக்கமாக நாங்கள் ஆறேகாலுக்கு வந்துவிடுவோம். கைக்கு ஒரு வேலை வேண்டும் என்றுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். சனிக்கிழமை கூட்டம் அதிகம், ஒரு பஸ்ஸை விட்டிருப்பாள். அல்லது பூமாரியை பஸ் ஏற்றிவிட்டு வருவாள். அல்லது என்று மூன்றாவதாக ஒன்றை எழுதி அடித்துவிட்டேன்.

ஏழு ஐந்து. வாசலுக்கு இரண்டு தடவை போய்வந்தேன். மூன்றாவது தடவை போகவில்லை.

ஏழு பன்னிரண்டு. வந்துவிட்டாள். செருப்பை உதறினாள், சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தாள். “இன்னிக்கு எத்தனை தெரியுமா?” என்றாள்.

என் கை தானாக நோட்டைத் தேடிற்று. மடியில் வைத்துக்கொண்டேன், கையை.

“இருபத்திரண்டு தடவை ஏறினேன் தாத்தா. நாடியை நான் உங்களண்ட சொல்லப்போறதில்லை” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள்.

பிச்சுமணி